ரேகை விழா

ரெகே என்று எழுதிக் கொடுத்தது என் அண்ணன். ரேகை என்று அச்சடித்தது பிரஸ் பலராமன். ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகிவிட்டது, இரட்டைக் கொம்பு சங்கிலிக் கொம்பாகிவிட்டது, அவ்வளவுதான். இதற்காக நான் பலராமனைக் குறை சொல்லமாட்டேன். எண்பத்து மூன்றில் ஆரணி பஜாரில் யாரிடம் அந்த வார்த்தையைக் காட்டியிருந்தாலும் எழுத்துப்பிழை என்றுதான் சொல்லியிருப்பார்கள். பலராமன் நல்ல மனசோடு திருத்தினார். கேடு செய்தவன் என் அண்ணன்.

அண்ணன் பெயர் சவரிராஜ். பகலில் அரிசி மில்லில் மூட்டை எடை போடுவான், சாயங்காலமானால் கிடாரை எடுத்துக்கொள்வான். எங்கள் அப்பா இருதயசாமி பங்குக் கோயிலில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசித்துப் பழகிய கை, மற்ற நாட்களில் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது என்று எல்லாவற்றுக்கும் வாசித்தது. முள்ளிப்பட்டில் தறி நெய்யும் லோகநாதன் எங்கள் குழுவுக்கு டிரம்ஸ். பெண் குரல் நான். நோட்டீஸில் எப்போதும் 'செல்வி ஆரோக்கியசெல்வி' என்று போடுவார்கள், இரண்டு செல்வி இருந்தும் எனக்கு ஒரு மரியாதையும் கிடைத்ததில்லை. ஊரில் மேடையேறிப் பாட வேறு யாரும் வீட்டுப் பெண்ணை அனுப்பாததால், யார் கச்சேரி நடத்தினாலும் நான்தான் பாட வேண்டும்.

கப்பலில் வேலை பார்க்கும் எங்கள் சித்தப்பா மகன் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தான். ஜமைக்கா பாட்டு, பெயர் ரெகே என்றான். அன்றைக்கே அண்ணனைப் பிடித்தது பைத்தியம். அந்தப் பாட்டில் கிடார், தாளம் விழவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும். எல்லோரும் மூச்சு விடுகிற இடம் பார்த்து 'சக்' என்று ஒரு வெட்டு வெட்டும். அண்ணன் சாப்பிடும்போதும் விரலால் தட்டில் அதையே வெட்டிக்கொண்டிருந்தான்.

"அடிக்க வேண்டிய எடத்துல சும்மா குந்திகினு, சும்மா குந்த வேண்டிய எடத்துல அடிக்கிறான். இது இன்னா பேஜாரு?" என்றான் லோகநாதன். ஆனாலும் கற்றுக்கொண்டான்.

இதெல்லாம் இசைமேல் இருந்த ஆசை மட்டும் என்று நான் நம்பவில்லை. வேலூர்க் குழுவின் கிடார்காரர் ஜெயவேல் ஒரு கல்யாணத்தில் அண்ணன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "கோயில் கிடார்தானே, பரவால்ல" என்று சொல்லியிருந்தார். அந்த 'பரவால்ல' அண்ணனைத் தூங்கவிடவில்லை. வேலூரில் யாருக்கும் தெரியாத ஒன்றை ஆரணியில் நடத்திக் காட்ட வேண்டும், அதை ஜெயவேல் வந்து பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் காய்ந்து கிடந்த கமண்டல நாகநதி மணலில் மேடை போட்டு, வேலூர்க் குழு, போளூர்க் குழு, எங்கள் குழு மூன்றும் சேர்ந்து திறந்தவெளி ரெகே விழா என்று முடிவு செய்தான். மற்ற இரண்டு குழுவுக்கும் கேசட்டைப் பதிவு செய்து அவனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

நோட்டீஸை லோகநாதன் பிரஸ்ஸிலிருந்து வாங்கி அப்படியே ஜட்காவில் ஏற்றி, சேவூர், பையூர், முள்ளிப்பட்டு என்று சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் வீசிவிட்டு வந்தான். அதில் இருந்தது இதுதான்: 'ஜமைக்கா நாட்டு முறையில் மாபெரும் திறந்தவெளி ரேகை விழா. கைதேர்ந்த கலைஞர்கள் பங்கேற்பு. அனைவரும் வருக. அனுமதி இலவசம்.' ரேகையே போதாதென்று கைதேர்ந்த என்று வேறு. விழா அன்று காலையில்தான் அண்ணன் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கத்தினான். பிறகு, "யாரு நோட்டீஸ எழுத்துக் கூட்டிப் படிக்கப் போறாங்க" என்று சமாதானம் ஆகிவிட்டான்.

எல்லோரும் படித்திருந்தார்கள். வெயில் தாழ்வதற்குள் ஆற்று மணல் கொள்ளாத கூட்டம். அண்ணன் மேடைக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்து, "ஜனம் தானா வந்துகினு இருக்குது பாத்தியா செல்வி?" என்று பூரித்துப் போனான். நான் கூட்டத்தின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு வந்திருந்தார்கள். சிலர் தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் இரண்டு உள்ளங்கையையும் மேலே திருப்பி முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார், மழை வந்தால் ஏந்திக்கொள்வதுபோல.

முதல் பாட்டு நாங்கள் வாசித்தோம். முடிந்ததும் கைதட்டல் இல்லை. முன்னால் இருந்த ஒரு அம்மாள் எழுந்து, "பாட்டு போதும் கண்ணு, கை எப்ப பாப்பீங்க? ஜல்தியா பாத்தா நாங்க பஸ்ஸுக்குப் போவணும்" என்றாள். கூட்டம் முழுக்க, ஆமாம் ஆமாம் என்றது.

பக்கத்தில் நின்ற ஜெயவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா சவரி, ஜமைக்காவுல கை பாத்துட்டுத்தான் பாடுவாங்களா?"

லோகநாதன், நோட்டீஸில் தப்பு வந்துவிட்டது என்று மைக்கில் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றான். நானும் அதைத்தான் சொன்னேன். அதற்குள் பின்வரிசையில் ஒருவர் இருவராக எழுந்து துண்டை உதறிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அதைப் பார்த்தான், ஜெயவேலைப் பார்த்தான், மைக்கைப் பிடித்தான்.

"யாரும் எழுந்து போவாதீங்க. விழா முடியறதுக்குள்ள எல்லாருக்கும் ரேகை பாக்கப்படும். அதுவரைக்கும் அமைதியா குந்தி பாட்டு கேளுங்க."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சத்தமில்லை. எங்கள் ஊரில் எந்தக் கச்சேரியையும் ஜனம் அப்படி வாய் மூடிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ரேகை பார்ப்பதற்கு முன்னால் ஓத வேண்டிய மந்திரம்போல் நினைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல், பக்தியோடு கேட்டார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இது தனக்குக் கிடைத்த மரியாதை இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே கண் கலங்கினான். அவனைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

எங்கள் முறை முடிந்து போளூர்க் குழு ஏறியதும், மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்தான். வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நின்றது. "ஆயுசு கெட்டி. கஷ்டம் எல்லாம் தீந்துடும். நெனச்சது நடக்கும், பேஷா பண்ணுங்க." அடுத்த கை. "ஆயுசு கெட்டி. கஷ்டம் எல்லாம் தீந்துடும்." கேட்டவர்கள் முகமெல்லாம் மலர்ந்துதான் போனார்கள். நல்ல வார்த்தை சொன்னால் யாருக்கு நஷ்டம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். போளூர்க் குழு எடுத்த பாட்டில் பெண் குரல் இல்லை, நான் வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பச்சைத் தாவணி போட்ட ஒரு பெண் வரிசையிலிருந்து நழுவி வந்து என் கையைப் பிடித்தாள். பதினெட்டு வயது இருக்கலாம்.

"அக்கா, கை பாக்கறவரு உங்க அண்ணனா?"

"ஆமா. ஏன்?"

"எம் பேரு தேவகி. முள்ளிப்பட்டு. எங்கம்மா அங்க வரிசைல நிக்குது." ரேணுகாம்பாள் என்று பிறகு பெயர் தெரிந்த அந்த அம்மாள் எங்களைப் பார்க்காமல் மேடையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். தேவகி என்னை மறைப்புத் துணிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கலசப்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை. முதல் பெண்டாட்டி செத்துப் போயிருக்கிறாள். அவனுடைய மூத்த மகளுக்கும் தேவகிக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. தாய்மாமன் கொண்டுவந்த சம்பந்தம். தகப்பன் இல்லாத வீட்டில் மாமன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. ஒரே தடங்கல், தேவகி பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை, ஜாதகம் கிடையாது. அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்து வேண்டாம் என்றது. பொட்டலம் சரியாகக் கட்டவில்லை என்று மாமன் மறுபடி கட்ட வைத்தான், சிவப்பு வந்தது.

"அம்மாவுக்கும் மனசு ஆட்டமாத்தான் கீதுக்கா. ரேகை பாத்து ஆவாதுன்னு வந்தா வுட்டுடறேன்னு கற்பூரம் அணைச்சிச் சொல்லிச்சி. நோட்டீஸப் படிச்சிட்டு நான்தான் இட்டாந்தேன். ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கக்கா. ஒரே வார்த்தை."

நான் உடனே போய் அண்ணன் காதில் குனிந்தேன். "பச்சைத் தாவணி, தேவகின்னு ஒரு பொண்ணு வரும். அம்மாகாரி சம்பந்தம் பத்திக் கேப்பாங்க. ஆவாதுன்னு சொல்லிடு. அந்தப் பொண்ணு உயிர் போற மாதிரி கேக்குது. மறந்துடாத அண்ணா."

"சரி சரி" என்றான். தலையும் ஆட்டினான். காது மேடையில் இருந்தது. அங்கே போளூர்க் குழு இறங்கி, ஜெயவேல் ஏறி கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவுக்கும் நான்தான் பெண் குரல் என்பதால் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜெயவேலை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அண்ணன் எத்தனையோ நாள் உயிரை விட்டுப் பழகியதை அவர் விளையாட்டுப்போல வாசித்தார். அந்த வெட்டு ஒவ்வொன்றும் கதவை மெல்லச் சாத்துவதுபோல் விழுந்தது. லோகநாதன்கூட வாயைப் பிளந்து கேட்டான். நான் அர்த்தம் தெரியாத இங்கிலீஷைப் பாடிக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தேன். டியூப்லைட்டுக்குக் கீழே தேவகியும் அவள் அம்மாவும் நின்றார்கள். தேவகி கையை மூடிக்கொண்டிருந்தாள். முஷ்டியாக இறுக்கி மூடியிருந்தாள். அண்ணன் கூச்சப்படுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரித்த கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி, ஜெயவேலின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மட்டும் ஏதோ சொன்னது. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ரேணுகாம்பாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

தேவகி மேடையைப் பார்த்தாள். அண்ணனை இல்லை, என்னை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நான் பாடிக்கொண்டிருந்தேன்.

இறங்கி ஓடி வந்தபோது அவர்கள் இல்லை. "அந்தப் பொண்ணுக்கு இன்னா சொன்ன?" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"பச்சைத் தாவணி."

"எல்லாருக்கும் நல்லதாத்தான் சொன்னேன். பேஷா பண்ணுங்கன்னு..." அங்கேயே நின்றுவிட்டது அவன் பேச்சு. "ஐயையோ. நாளைக்குப் போயி சொல்லிட்டு வந்துடலாம், வுடு." அதற்குள் ஜெயவேல் வந்து அவன் தோளில் கையைப் போட்டு, "கூட்டம்னா இதுதான்யா கூட்டம்" என்றார். அண்ணன் இளித்தான். பளாரென்று ஒன்று விட்டிருப்பேன், நாலு பேர் இருந்தார்கள்.

நாளைக்கு என்றவன் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விஷயம் வெடித்தது. குறி கேட்பதும் கை பார்ப்பதும் பாவம் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர் எங்கள் அப்பா. அவர் மகன் ஆற்று மணலில் உட்கார்ந்து ஊருக்கே கை பார்த்திருக்கிறான். அப்பா எங்களைத் திட்டவில்லை. எப்போதும் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசகம் படிக்கிறவர், அன்றைக்குச் செருப்பு விடுகிற வாசலுக்குப் பக்கத்தில் கடைசியாக மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பாட்டு வரவில்லை.

அதிலிருந்து அண்ணன் மில்லுக்கும் சந்து வழியாகத்தான் போனான். வீட்டுக்கு ஆட்கள் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். பஸ் நிலையத்தில் விசாரித்தால், ரேகைக்காரர் வீடா என்று கையைக் காட்டி அனுப்பினார்கள். கேசட்டை எங்கே வைத்தான் என்று தெரியவில்லை, கிடாரைத் தொடவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"நீ வெக்கப்பட்டுகினு கதவ சாத்திக்கற. அங்க அந்தப் பொண்ணு கதி இன்னா? முள்ளிப்பட்டுக்குப் போயி பொய்யின்னு சொல்லிட்டு வா" என்றேன்.

"சொன்னா ஊரு பூரா தெரிஞ்சிடும் செல்வி. மைக்குல ஏமாத்தினவன்னு காறித் துப்புவாங்க."

"துப்பட்டும்."

அவன் அசையவில்லை. வெட்கத்திலும் சுயநலம் உண்டு என்று அப்போது தெரிந்துகொண்டேன். பிறகு ஒருநாள் லோகநாதன் வந்து, "தேவகிக்குத் தட்டு மாத்திட்டாங்க. வர்ற ஆவணில கல்யாணம்" என்றான். அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினான். இரண்டு பேரும் டவுன் பஸ் ஏறினோம்.

ரேணுகாம்பாள் தறிக்குழியிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். "வாங்க சாமி, வாங்க" என்று முந்தானையால் பலகையைத் துடைத்துப் போட்டாள். சாமி என்று கூப்பிட்டதும் அண்ணன் நெளிந்தான். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான், எனக்கு ரேகை பார்க்கத் தெரியாது, நோட்டீஸில் எழுத்து மாறிவிட்டது, கூட்டம் கலைந்துவிடும் என்று பொய் சொன்னேன், உங்கள் பெண்ணுக்குச் சொன்னதும் பொய், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று. பாதி வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"கலசப்பாக்கத்துப் பங்காளிங்க யாராச்சும் உங்கள அனுப்பிச்சாங்களா சாமி? இதக் கலைக்கணும்னு ரெண்டு மூணு பேரு சுத்திகினு கீறாங்க."

"இல்லம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"அத்தன ஜனத்து நடுவுல மைக்குல சொன்னீங்களே. மைக்குல யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்படியே பொய்யாவே இருக்கட்டும் சாமி. தட்டு மாத்தியாச்சி. நாலு பேரு வந்து சாப்ட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப நிறுத்தினா எம் பொண்ண யாரு வந்து கேப்பாங்க? நீங்களா பொறுப்பு?"

உள்ளே ராட்டை ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. தேவகி வாசற்படிக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், பார்வையில் கோபம்கூட இல்லை. அண்ணன் அவளைப் பார்த்துக் கையைக் கூப்பினான். என்னைவிடப் பெரியவன், என் கண் முன்னால் அந்தச் சின்னப் பெண்ணைக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சிடும்மா. சத்தியமா எனக்கு ரேகை பாக்கத் தெரியாது."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்ணா" என்றாள் தேவகி. "எனக்கு முன்னால நின்ன நாலு பேருக்கும் ஒரே பலனத்தான சொன்னீங்க. ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியும்னுதான் வந்தேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரேணுகாம்பாளுக்கு அது காதில் விழுந்ததா, விழாததுபோல் இருந்தாளா தெரியவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு கலர் சோடா வாங்கி வந்து, வீடு தேடி வந்தவங்க வெறும் வாயோட போகக்கூடாது என்று அண்ணன் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நின்றபடியே குடித்தான்.